1971 எம்ஜிபி ரோட்ஸ்டர்: வாங்குவதற்கு முன் எதை, எப்படிச் சோதிப்பது?

குரோய்டன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1971-இல் தயாரான, குரோம் பம்பர் கொண்ட எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை வாங்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். கார் குளோஸ்டர்ஷயரில் ஒரு தனிநபரிடம் இருக்கிறது. கேட்கும் விலை 11,500 பவுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது என்று விளம்பரத்தில் எழுதியிருக்கிறார். படங்களில் சிவப்பு வண்ணம் பளபளக்கிறது, கம்பிச் சக்கரங்களில் ஒரு புள்ளி துருகூட இல்லை, எஞ்சின் சுற்றைக் குறைத்து ஓட்ட உதவும் ஓவர்டிரைவும் உண்டாம். 2018-க்குப் பிறகு எம்ஓடி எனும் வாகனத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோகவில்லை. நாற்பது ஆண்டைக் கடந்த கார்களுக்கு அது கட்டாயமில்லை என்று ஆனதால் விட்டுவிட்டதாகச் சொல்கிறார்.

நான் இதுவரை வைத்திருந்தவை எல்லாம் இக்காலக் கார்கள். சர்வீசுக்கு விடுவதைத் தவிர அவற்றுக்கு நான் எதுவும் செய்ததில்லை. எஞ்சின் நன்றாக இருந்தால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அலுவலக நண்பர் ஒருவர் சொல்கிறார். அதை அப்படியே நம்பவும் தயக்கமாக இருக்கிறது. காரை ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்க்கவும், ஓட்டிப் பார்க்கவும் உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். கிடைக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எதை முதலில் பார்ப்பது, எவற்றை விலைபேசும்போது குறிப்பிடுவது, எதைக் கண்டால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். வாரயிறுதியில் மனைவியோடு கிராமப்புறச் சாலைகளில் ஓட்டுவதற்காகவே வாங்குகிறேன். போட்டிக்கோ கண்காட்சிக்கோ அல்ல.

பட்டறைக்காரன் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். உங்கள் அலுவலக நண்பரின் யோசனை வேறு சில கார்களுக்குப் பொருந்தலாம். எம்ஜிபிக்கு அது தலைகீழ். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் ஆலையில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிகள் தயாராயின. அதனால் எஞ்சின், கியர் பாக்ஸ், பிரேக், மின்சாரச் சாமான்கள் என எதற்கும் இன்றுவரை புதிய உதிரிப்பாகம் கிடைக்கிறது. மாற்றத் தெரிந்தவர்களும் நாடு முழுவதும் இருக்கிறார்கள். காரின் உடலான கூட்டில் துருப்பிடித்த தகரத்தை அறுத்தெடுத்து, அளவு பிசகாமல் புதுத் தகரம் வைத்துப் பற்றவைப்பதுதான் வாரக்கணக்கில் கூலி கேட்கும் வேலை. எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கட்டும் செலவைவிட ஒரு கெட்ட கூட்டைச் சரிசெய்யும் செலவு அதிகம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

இந்தக் காருக்குத் தனியாகச் சேஸி (அடிச்சட்டம்) கிடையாது. கூடுதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. ரோட்ஸ்டரில் கூரையும் இல்லாததால், நடுப்பகுதி தொய்ந்துவிடாமல் நிற்பது பெருமளவு கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் சில்களின் தயவில்தான். சில் என்பது ஒற்றைத் தகரமல்ல. வெளிச்சில், உள்சில், இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் ஒரு தடுப்புத் தகரம், தரைக்கு அடியில் பட்டறைகளில் காசில் ரெயில் என்று சொல்லும் பெட்டிப் பகுதி ஆகிய எல்லாம் சேர்ந்ததே அது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது வெளிச்சில் மட்டும். உள்ளே மற்றவை உளுத்துப்போயிருக்க, மேலே ஒரு புதுத் தகரத்தை ஒட்டி, பட்டி தடவி, வண்ணமடித்து, புதுப்பித்த கார் என்று விற்பது இந்தத் தொழிலில் நெடுங்காலமாக நடப்பதுதான்.

ஆகவே காரின் அருகே போனதும் பானட்டைத் திறக்கச் சொல்லாதீர்கள். சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் குந்தி அமர்ந்து, கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பாருங்கள். கதவின் பின்விளிம்புக்கும் பின்பக்கத் தகரத்துக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம் இருக்க வேண்டும். மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது என்று பொருள். அல்லது தொய்ந்த நிலையிலேயே யாரோ சில்லைப் பற்றவைத்துவிட்டார்கள். அது இன்னும் மோசம். அதன் பிறகு கதவைத் திறந்து, பின்முனையைப் பிடித்து லேசாக மேலே தூக்குங்கள். ஆட்டம் தெரிந்தால் அது கீலில் இருந்து வருகிறதா, கீல் பொருந்தியிருக்கும் தூணே அசைகிறதா என்று கவனியுங்கள். கீல் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. கதவு மூடியிருக்கும்போது, அந்தப் பக்கத்துச் சில்லில் உள்ள ஜாக்கிப் புள்ளியில் ஜாக்கியை வைத்து மெல்ல மெல்லத் தூக்குங்கள். சக்கரம் தரையை விட்டு எழும்போதும் கதவின் இடைவெளி மாறக்கூடாது. கதவைத் திறந்து மூடினால் முன்போலவே இலகுவாக மூட வேண்டும். இடைவெளி கண்ணுக்குத் தெரிய மாறினாலோ, கதவு இறுகிக்கொண்டாலோ, ஜாக்கி வைத்த இடத்திலிருந்து நொறுங்கும் ஓசை வந்தாலோ உடனே இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் பார்க்க எதுவுமில்லை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். தூக்கிய காரைத் தாங்கி நிறுத்தும் இரும்புத் தாங்கி இரண்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

சில் மாற்றப்பட்டிருந்தால் அது எப்படி மாற்றப்பட்டது என்று கேட்பதில் தவறில்லை. வெளிச்சில் முன்பக்க மட்கார்டுக்கு உள்ளேயும், பின்பக்கத் தகரத்துக்குப் பின்னாலும் நீண்டு செல்கிறது. முன் மட்கார்டு போல்ட்டால் பூட்டப்பட்டது என்பதால் கழற்றிவிடலாம். பின்பக்கத் தகரமோ கூட்டோடு பற்றவைக்கப்பட்டது, ஆகவே அதன் அடிப்பகுதியை அறுத்துத் திறந்தால்தான் சில்லை முழு நீளத்துக்கும் மாற்ற முடியும். இந்தச் சிரமத்துக்குப் பயந்து, கண்ணுக்குத் தெரியும் நீளத்தை மட்டும் வெட்டி ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முறையாக வேலை செய்தவர் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வைத்திருப்பார், அவற்றைக் காட்ட ஆசையாகவும் இருப்பார். பழைய தகரம் அறுபட்டிருக்கும் படம் ஒன்றுகூட இல்லாமல், வண்ணமடிக்கும் படங்கள் மட்டும் இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

உள்ளே அமர்ந்து, கால்வைக்கும் இடத்தின் தரைவிரிப்பை விலக்கச் சொல்லிக் கேளுங்கள். தரை உள்சில்லைச் சந்திக்கும் கோடு முழுவதும் விரலால் தடவிப் பாருங்கள். இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறந்தால் பற்றரிகள் தெரியும். இந்த ஆண்டுக் காரில் 6 வோல்ட் பற்றரி இரண்டு இருந்திருக்கும், பலர் பிற்காலத்தில் ஒற்றை 12 வோல்ட்டுக்கு மாற்றியிருப்பார்கள். மாற்றம் குறையல்ல. பற்றரி உட்கார்ந்திருக்கும் பெட்டியின் அடி அமிலத்தாலும் சாலை நீராலும் அரிக்கப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. அதே பகுதியை அடியிலிருந்து பார்க்கும்போது, பின்பக்க வில்லின் முன்முனை கூட்டில் பொருந்தும் இடத்தையும் பார்த்துவிடுங்கள்.

முன்சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டின் உட்பக்கம் மேலே ஒரு தட்டு இருக்கிறது. சக்கரம் வாரியடிக்கும் சேறு அங்கே தங்கி, ஆண்டு முழுவதும் ஈரத்தைக் காக்கும். கையை உள்ளே விட்டுத் துழாவுங்கள். கைநிறைய மண் வந்தால் முகம் சுளிக்காதீர்கள், அது உங்களுக்குச் செய்தி. அதன் விளைவு வெளியே, மட்கார்டின் மேற்பரப்பில், முன்கண்ணாடியின் அடிக்கு அருகே சிறு கொப்புளங்களாகத் தெரியும். கதவின் வெளித்தகரத்தில் முக்கோணக் கண்ணாடியின் பின்முனைக்குக் கீழே ஒரு விரிசல் விழுவதும் எம்ஜிபிக்கே உரியது. அது கூட்டின் வலுவைப் பாதிக்காது, ஆனால் பேரத்துக்கு உதவும்.

டிக்கியில் விரிப்பை எடுத்துவிட்டு மூலைகளைப் பாருங்கள். பெட்ரோல் டாங்கி அதன் அடியில் தரையோடு ஒட்டித் தொங்குவதால், டாங்கியின் மேல்தகரத்தில் அழுக்கு தேங்கித் துரு பிடிக்கும். டாங்கி நிறைந்திருக்கும்போது மட்டும் பெட்ரோல் வாடை வருவது அதன் அடையாளம். டாங்கி விலை குறைந்த பொருள்தான்.

சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். சக்கர வளைவுகள், கதவின் அடிவிளிம்பு, பின்சக்கரத்துக்கு முன்னுள்ள கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் அது பிடிக்காமல் வழுக்கினால் அடியில் பட்டி இருக்கிறது. இதில் ஒரு விலக்கு உண்டு: தொடக்க ஆண்டுகளின் எம்ஜிபிகளுக்குப் பானட் அலுமினியத்தால் ஆனது, ஆகவே யாராவது பழைய பானட்டைப் பொருத்தியிருந்தால் காந்தம் அதில் பிடிக்கவே பிடிக்காது. அடிப்பகுதி முழுவதும் கெட்டியான கறுப்புப் பூச்சு புதிதாக அடிக்கப்பட்டிருந்தால் மகிழ வேண்டாம். பழைய பூச்சு உரிந்து, உள்ளே தகரம் தெரியும் காரில் நமக்கு உண்மை தெரிகிறது. புதுப் பூச்சில் ஒன்றும் தெரிவதில்லை.

வேறொரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல், ஆலையின் பழைய அச்சுகளைக் கொண்டே முழுப் புதுக் கூடுகளைச் செய்து விற்கிறது. அத்தகைய கூட்டில் கட்டப்பட்ட கார் என்றால், ரசீது இருக்கும்பட்சத்தில், கூடுதல் விலை கொடுக்கலாம்.

வல்லைவெளி எழுதியது:

பட்டறைக்காரன் கூட்டைப் பற்றி எழுதியதோடு எனக்கு முழு உடன்பாடு. அதில் தேறாத காரை ஓட்டிப் பார்ப்பதுகூட நேர விரயம். தேறிவிட்டால் மற்றவற்றை எப்படிப் பார்ப்பது என்று நான் எழுதுகிறேன்.

நீங்கள் போய்ச் சேரும்வரை காரை ஸ்ராட் செய்ய வேண்டாம் என்று முதல்நாளே உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போனவுடன் றேடியேற்றரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிரில் ஸ்ராட் ஆகாத வண்டி என்ற ஐயம் நியாயமானது. சாவியைத் திருப்பியதும், ஸ்ராட் செய்வதற்கு முன், பின்பக்கத்திலிருந்து எஸ்யூ பெற்றோல் பம்பின் டிக்டிக் ஒலி கேட்கும். காபுரேற்றர்கள் நிரம்பியதும் அது நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால், எங்கோ பெற்றோல் ஒழுகுகிறது அல்லது ஊசி வால்வு சரியாக மூடவில்லை அல்லது பம்ப் காற்றை இழுக்கிறது.

இந்த 1798 சிசி எஞ்சின் முரட்டு எஞ்சின், சத்தம் போடும். வால்வுகளை இயக்கும் தப்பெற்களின் சத்தம் கேட்டுக் கலங்காதீர்கள். வால்வு இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு என்பது விதி. அப்படி வைத்தால் மெல்லிய கிளிக் ஒலி வரத்தான் செய்யும். சத்தமே இல்லாத எஞ்சினைக் கண்டால்தான் யோசிக்க வேண்டும், ஏனெனில் இடைவெளியை இறுக்கி ஒலியை மறைத்திருந்தால் வெளியேற்று வால்வுகள் எரிந்துபோகும். அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த இடியோசை வேறு, அது பெயாரிங். எண்ணெய் அழுத்தமானியை எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டும், நின்று சுழலும்போது 10 முதல் 25 பவுண்டும் இருக்கலாம் என்பது கைநூல் கணக்கு. குளிரில் காட்டும் உயர்ந்த எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். சிறு எண்ணெய்க் கசிவு இந்த எஞ்சினோடு பிறந்தது.

ஒரு நீண்ட இறக்கத்தில் அக்சிலறேற்றரை முழுதாக விட்டு இறங்கி, மீண்டும் மிதிக்கும்போது பின்னால் பாருங்கள். நீலப் புகை எழுந்தால் வால்வு வழிகாட்டிகளோ பிஸ்டன் றிங்குகளோ தேய்ந்திருக்கின்றன. ஈயம் கலந்த பெற்றோல் இங்கே 1999 முடிவோடு நின்றுபோனதால், சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வு இருக்கைகள் போடப்பட்டனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் பெற்றோலில் ஈயத்துக்கு மாற்றான சேர்மானம் ஊற்றி ஓட்டலாம், பெரிய குறையல்ல. 2021 முதல் சாதாரண பெற்றோலில் எதனோலின் அளவு கூடியிருப்பதால் றபர்க் குழாய்கள் எப்போது மாற்றப்பட்டன என்பதையும் கேட்டு வையுங்கள்.

1967-இன் இறுதியில் வந்த இரண்டாம் வடிவத்திலிருந்து முதல் கியருக்கும் சிங்க்ரோ (கியர்கள் உரசாமல் பொருந்தச் செய்யும் அமைப்பு) உண்டு. எனவே உங்கள் காரில் எந்தக் கியரும் மாற்றும்போது கரகரக்கக் கூடாது. ஓவர்டிரைவ் மூன்றாம், நான்காம் கியர்களில் வேலை செய்ய வேண்டும். நான்காம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது சுவிட்சைப் போட்டால், வேகம் மாறாமல், சுற்றுமானியின் ஊசி 2450-க்கு அருகே இறங்கும். விட்டதும் ஏறும். வேலை செய்யாவிட்டால் எடுத்தவுடன் கியர் பாக்ஸைக் குறை சொல்லாதீர்கள். பல நேரங்களில் வயர் அறுந்திருக்கும், அல்லது கியர் பாக்ஸில் எண்ணெய் குறைந்திருக்கும், ஏனெனில் இரண்டுக்கும் எண்ணெய் ஒன்றே. ஆனால் விலைபேசும்போது அது வேலை செய்யாத ஓவர்டிரைவ்தான். பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது விற்பவரின் பாடு.

கம்பிச் சக்கரங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பளபளப்பில் ஏமாறும் இடம் இது. சக்கரம் போல்ட்டால் அல்ல, அச்சின் முனையில் பல்வரிசை கொண்ட ஒரு குடத்தின் மேல் செருகி, நடுவில் ஒரு பெரிய மரையால் இறுக்கப்படுகிறது. சக்கரத்தைக் கழற்றிக் குடத்தின் பற்களைப் பாருங்கள். உச்சி தட்டையாக இருந்தால் நல்லது. வாளின் அலகைப்போலக் கூராகிவிட்டிருந்தால் தேய்ந்துவிட்டது, ஒருநாள் எஞ்சின் சுழலச் சக்கரம் நிற்கும், அல்லது பிறேக் பிடிக்கச் சக்கரம் சுழலும். புதுச் சக்கரத்தைத் தேய்ந்த குடத்தில் மாட்டியிருந்தால் புதுச் சக்கரமும் வீண். கழற்ற வசதியில்லையென்றால், அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் உயர்த்தி, ஒருவர் பிறேக்கை மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கட்டும். டக் என்ற ஒலியோடு சிறிது நகர்ந்தாலே விடை கிடைத்துவிடும். ஒவ்வொரு கம்பியையும் ஸ்பானரால் லேசாகத் தட்டுங்கள். தளர்ந்த கம்பி மொண்ணையாக ஒலிக்கும்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அப்போது ஆட்டம் மறைந்தால் சக்கரப் பெயாரிங், மறையாவிட்டால் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சுமுளை). கிங்பின்னுக்கு 3000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்க வேண்டும், காரை வெறுமனே நிறுத்தி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அதை மறந்துவிடுவார்கள். ரயரின் பக்கவாட்டில் உள்ள நான்கிலக்க எண்ணில் கடைசி இரண்டும் தயாரித்த ஆண்டைக் காட்டும். பள்ளம் ஆழமாக இருக்கிறது என்பதற்காகப் பன்னிரண்டு வயது ரயரை நம்பி மோட்டார்வேயில் போகாதீர்கள். பின் அச்சில் கியர் போடும்போது டொக் என்று கேட்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாஷர்களின் தேய்மானம். அதற்காகக் காரை விட வேண்டியதில்லை.

காகிதம்_முதலில் எழுதியது:

காரைப் பார்க்கப் போவதற்கு முன்பே வீட்டிலிருந்தபடி செய்யக்கூடியதை இருவரும் விட்டுவிட்டார்கள். பதிவெண் தெரிந்தால் அரசு இணையதளத்தில் பழைய எம்ஓடி முடிவுகளை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். தேர்ச்சியா தோல்வியா என்பதைவிடச் சோதித்தவர் எழுதிய ஆலோசனைக் குறிப்புகளே முக்கியம். எந்தப் பக்கத்தில், எந்த இடத்தில் அரிப்பு என்று அவை சொல்லும். அடுத்த ஆண்டு அந்தக் குறிப்பு காணாமல் போயிருந்தால், நடுவில் என்ன வேலை நடந்தது என்பதற்கு ரசீது கேட்கலாம். சோதனைக்குச் சோதனை மைல் கணக்கு எப்படி ஏறியிருக்கிறது என்றும் பாருங்கள்.

வி5சி எனும் வாகனப் பதிவு ஆவணத்தில் உள்ள சேஸி எண்ணும், பானட்டுக்குக் கீழே உள்ள தகட்டின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த ஆண்டு ரோட்ஸ்டரின் எண் ஜிஎச்என்5 என்று தொடங்கும். அதை அடுத்து யூ என்ற எழுத்து இருந்தால் கார் அமெரிக்காவுக்காகச் செய்யப்பட்டு, பிறகு திரும்பி வந்தது. ஸ்டியரிங் வலப்புறம் இருந்தால் இங்கே மாற்றியிருக்கிறார்கள். அங்குள்ள வறண்ட மாநிலங்களில் இருந்த கூடு துரு குறைவாக இருக்கும் என்பதால் இதைக் குறையாக நான் எண்ணமாட்டேன், மறைத்து விற்பதுதான் குறை. ஐயமிருந்தால் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் கட்டணம் செலுத்தி, கார் தயாரான நாள், முதல் வண்ணம், அனுப்பப்பட்ட இடம் ஆகியவை அடங்கிய சான்றிதழைப் பெறலாம்.

எம்ஓடி கட்டாயமில்லை என்பது உண்மை. செய்யக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. அதற்கான உச்சவரம்புக் கட்டணமே 55 பவுண்டுக்குள்தான். நான் தருகிறேன், அருகிலுள்ள நிலையத்தில் ஒரு சோதனை செய்துவிடுவோமா என்று கேளுங்கள். மறுப்பவரிடம் நான் வாங்கமாட்டேன். நீங்கள் குரோய்டனில் இருப்பதால் இன்னொன்றும் உண்டு: வரிவகை வரலாற்று வாகனம் என்று பதிவாகியிருந்தால்தான் லண்டனின் யூலெஸ் எனும் புகை மாசுக் கட்டணத்திலிருந்து விலக்கு. ஆவணத்தில் அந்த வரியைச் சரிபாருங்கள்.

வல்லைவெளி எழுதியது:

எம்ஓடி நல்ல யோசனைதான், ஆனால் ஓர் எச்சரிக்கை. சோதனை செய்பவர் எதையும் கழற்றமாட்டார், விரிப்பை விலக்கமாட்டார். பட்டி தடவி வண்ணமடித்த சில், கண்ணுக்கு நேராக இருந்தால் தேறிவிடக்கூடும். ஜாக்கிச் சோதனைக்கு அது மாற்றாகாது.

குரோய்டன்வாசி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. காரைப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தேன்.

போவதற்கு முன் பார்த்த பழைய எம்ஓடி பதிவில், 2014-இல் வலப்பக்கச் சில்லின் பின்முனையில் அரிப்பு என்ற குறிப்பு இருந்தது. அடுத்த ஆண்டு இல்லை. இடக்கதவின் இடைவெளி நேராக இருந்தது, ஜாக்கியில் தூக்கியபோதும் மாறவில்லை. வலக்கதவு சாதாரணமாக நிற்கும்போதே மேலே சற்று நெருங்கியிருந்தது. தூக்கத் தொடங்கியதும் கதவின் பின்மூலை தகரத்தை உரசியது, உரசிய இடத்தில் வண்ணத்தில் ஏற்கெனவே ஒரு சிறு தழும்பு இருப்பதை அப்போதுதான் கண்டேன். அதோடு இறக்கிவிட்டேன். பின்சக்கரத்துக்கு முன்னால், ஏறத்தாழ உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம் பிடிக்கவில்லை. புதுப்பித்த படங்களைக் கேட்டேன். வண்ணமடிப்பதற்காக மறைப்புத்தாள் ஒட்டிய படங்களும், இருக்கைக்குப் புதுத் தோல் தைத்த படங்களும் இருந்தன. வெல்டிங் செய்த படம் ஒன்றும் இல்லை. காரைத் தாம் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்கிறார்.

மற்றபடி எஞ்சின் குளிரில் உடனே கிளம்பியது, சூடான பிறகும் ஓடும்போது அழுத்தம் 60-ஐ ஒட்டி நின்றது. பம்பின் ஒலி நின்றது. ஓவர்டிரைவ் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் சரியாக வேலை செய்தது. குடத்தின் பற்களும் நன்றாகவே இருக்கின்றன. நான் கண்டதைச் சொன்னதும் விலையை 9,000-க்கு இறக்கினார். மனைவிக்குக் கார் மிகவும் பிடித்துவிட்டது. ஒரு பக்கச் சில்லை மட்டும் சரிசெய்துகொண்டு வாங்கலாமா?

பட்டறைக்காரன் எழுதியது:

பார்த்த விதம் மிகச் சரி. 9,000-க்கு இதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு பக்கம் என்று நீங்கள் சொல்வது, அந்தப் பக்கம் மட்டும் தன்னைக் காட்டிக்கொண்டது என்பதைத்தான் குறிக்கிறது. வேலை என்று இறங்கினால் கதவு மாட்டியிருக்கும்போதே கூட்டை நேர்நிறுத்தித் தாங்கு கொடுத்து, வெளிச்சில்லை அறுத்து, உள்ளே இருப்பவற்றைப் பார்த்து, பெரும்பாலும் காசில் ரெயிலையும் மாற்றி, பின்பக்கத் தகரத்தின் அடியைப் புதிதாக வைத்து, இறுதியில் அந்தப் பக்கம் முழுவதற்கும் வண்ணமடிக்க வேண்டும். சிவப்பு வண்ணத்தை ஒரு பக்கத்துக்கு மட்டும் அடித்து மறுபக்கத்தோடு ஒத்துப்போகச் செய்வது எளிதல்ல என்பதால், முழுக் காருக்கும் அடிக்கும்படி ஆகும். தொய்ந்த நிலையில் பற்றவைக்கப்பட்டிருந்தால் பழைய வேலையைக் கலைப்பதற்கே தனிக்கூலி. அறுத்துப் பார்க்காமல் எந்த நல்ல பட்டறையும் இதற்கு உறுதியான தொகை சொல்லாது, சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

எஞ்சினும் ஓவர்டிரைவும் சக்கரங்களும் உண்மையிலேயே நல்லவை என்பதால், வேலை தேவைப்படும் கார் என்ற விலைக்கு அவர் இறங்கினால் பேசலாம். அந்த விலை 9,000-க்கு வெகு கீழே. விற்பவரும் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரும் வண்ணத்தைப் பார்த்து வாங்கியவராக இருக்கலாம். அதற்கான விலையை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.

குரோம் பம்பர்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், இதே தொகைக்கு நல்ல கூடுள்ள, பிற்கால றப்பர் பம்பர் எம்ஜிபிகள் கிடைக்கும். 1974 இறுதியில் அமெரிக்க விதிகளுக்காகக் காரைச் சற்று உயர்த்தினார்கள், ரோட்ஸ்டரில் முன்பக்கச் சாய்வுத்தடுப்புக் கம்பியையும் எடுத்துவிட்டார்கள். அந்த இடைக்கால வண்டிகள் வளைவில் சாய்வது உண்மை. 1977 மாடலிலிருந்து முன்னும் பின்னும் கம்பி போட்டுவிட்டார்கள், ஓவர்டிரைவும் கூடவே வரும். வெளிறிய வண்ணமும், ஒரே உரிமையாளரிடம் நெடுங்காலம் இருந்த ரசீதுக் கட்டும் உள்ள ஒன்றைத் தேடுங்கள்.

குரோய்டன்வாசி எழுதியது:

நன்றி ஐயா. வேண்டாம் என்று உரிமையாளருக்கு எழுதிவிட்டேன். காரணங்களையும் விளக்கமாகச் சொன்னேன். 1978 ரோட்ஸ்டர் ஒன்று சசெக்சில் விற்பனைக்கு இருக்கிறது, வண்ணம் மங்கியிருக்கிறது, ரசீதுகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். பதிவெண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், அதன் எம்ஓடி குறிப்புகளைப் பார்த்துச் சொல்வீர்களா?